தேர் வருவதற்குள் விற்க வேண்டிய மீசை மீன்கள்

உயிருள்ள சரக்கை விற்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நல்ல தூக்கம் கிடையாது, கல்யாண வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து பாயசம் குடிக்கிற யோகமும் கிடையாது. சேலைக்கடைக்காரருக்கு விற்காத சேலை காலையில் வயிறு மேலே தெரிய மிதக்காது. பாத்திரக்கடைக் குடம் பட்டினி கிடந்து சாகாது. கோழி, புறா, முயல், ரோஜாச் செடி என்று மூச்சு விடுகிற எதையாவது விற்றுப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது நானும் சிரிக்கத்தான் செய்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் எங்களுக்கு ஒரு வண்ண மீன் கடை இருந்தது. எங்களுக்கு என்பது பேச்சுக்குத்தான். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். கடை இருந்த இடம் அவருடைய அப்பா வழியில் வந்தது. மீனும் கவலையும் மட்டும் என்னுடையவை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. மீன் வேலையும் சரியாகத் தெரியாது என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதில் பாதி உண்மை.

பெட்டியைத் திறந்தபோது

சரக்கு மதராஸில் இருந்து வரும். பாலிதீன் பையில் பாதி தண்ணீர், பாதி ஆக்சிஜன், நடுவில் மீன். பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் கோடை லீவுக்குப் பிள்ளைகள் கேட்குமே என்று தங்க மீன் அனுப்பச் சொல்லியிருந்தேன். பெட்டியைத் திறந்தால் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. கட்டைவிரல் நீளத்தில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி, வாயோரத்தில் மீசை, விலாவில் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காகத் தகடு. ஒரு பை அப்படி என்றால் அடுத்த பையைப் பிரிக்கலாம். பெட்டி முழுக்க அதுவே.

தபாலாபீஸுக்கு ஓடி, ட்ரங்க் கால் போட்டு, காத்திருந்து காத்திருந்து மதராஸ்காரரைப் பிடித்தேன். "தங்க மீன் தீர்ந்துபோச்சும்மா. இது கோரிடோரஸ். தென் அமெரிக்காவுல ஆத்துல இருக்கிற கெளுத்தி, உடம்புக்குக் கவசம் உண்டு. அடியில விழற தீனியைப் பொறுக்கித் தின்னு அதுபாட்டுக்கு இருக்கும். உப்பு மட்டும் போட்ராதீங்க. கூட்டமா வையுங்க, தனியா விட்டா ஏங்கிடும்" என்றார். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. மீசை மீன் என்று அட்டையில் எழுதி ஒட்டினேன்.

சாயந்தரம் ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் தொட்டியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடவே அவர் தம்பி கணேசன். அவன் எஸ்.டி.டி. பூத்து வைக்க அனுமதி வாங்கிவிட்டு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் கடைக்கு வந்தால் சுவரைத்தான் பார்ப்பான், மீனைப் பார்க்க மாட்டான். என் வீட்டுக்காரர் தம்பியை வைத்துக்கொண்டே சொன்னார்: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வருவதற்குள் இந்த மீன் அத்தனையும் விற்றாக வேண்டும், ஒன்று மிச்சம் இருந்தாலும் கடை கணேசனுக்கு. அதோடு அவர் விடவில்லை. "நம்ம கம்மாயில தூண்டி போட்டா ஓசிக்கு வருது கெளுத்தி. அதை அமெரிக்காவுல இருந்து வரவழைச்ச மொத ஆளு இந்த ஜில்லாவுலயே நீதாம்ட்டி!"

மூச்சு வாங்கியது

மறுநாள் கடையைத் திறந்து தொட்டி முன்னால் நின்றேன். மீன்கள் மணலில் மூக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒன்று அம்பு மாதிரி மேலே பாய்ந்து, வாயைத் திறந்து ஒரு விழுங்கு காற்றைக் குடித்துவிட்டு, அதே வேகத்தில் கீழே போய் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன் சாகப்போகிறது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். பாதித் தண்ணீரை மாற்றினேன். பாய்ந்தது. பக்கத்துத் தொட்டியின் ஏர் பம்பைப் பிடுங்கி இதில் மாட்டினேன். பாய்ந்தது. கல் உப்பை அள்ளிய கையை மதராஸ்காரர் சொன்னது ஞாபகம் வந்து அப்படியே நிறுத்தினேன். மாரியம்மனுக்கு நேர்ந்தேன். அதற்கும் பாய்ந்தது.

இரண்டு கடை தள்ளிக் கண்ணாடி அறுக்கிற அந்தோணி அண்ணனிடம் ஓடினேன். எங்கள் தொட்டிகள் எல்லாம் அவர் ஒட்டியவை. தொட்டி ஒழுகுகிறது என்று நினைத்து, அறுக்கிற வைரக் கட்டரைக் கையில் பிடித்தபடியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீன் பாய்வதையும் திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி மணலைத் துழாவுவதையும் செத்த நேரம் பார்த்தார். முகத்தில் கவலையே இல்லை. "மில்லுல மெஷின் ஓடிக்கிட்டு இருக்கையிலேயே ஒவ்வொருத்தனா வெளிய போயி, ஒரு இழுப்பு பீடி இழுத்துட்டு ஓடியாருவான்லா தங்கச்சி, அதுதான் இது. ஒன் வீட்டுக்காரர்கிட்ட கேளு, அவருக்கு நல்லாத் தெரியும்."

பெண் பார்க்க வந்த இடத்தில்

முதல் விற்பனை சுந்தரபாண்டியத்து அம்மாள் ஒருவருக்கு. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், முன்னறை களையாக இருக்க வேண்டும் என்று தொட்டி, மணல், விளக்கு, மீசை மீன் என்று எல்லாம் வாங்கிப் போனார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேர் வருவதற்குள் எல்லாம் போய்விடும் என்று அன்றைக்கு அல்வா கிண்டினேன்.

அந்த வாரமே அம்மாள் திரும்பி வந்தார். கையில் தூக்குவாளி, வாளிக்குள் மீன். "இதை நீயே வச்சுக்கோ தாயி" என்றார். செத்துவிட்டதா என்று பதறினேன். சாகவில்லை, கண்ணடிக்கிறது என்றார். நான் நம்பவில்லை. இருவரும் வாளிக்குள் குனிந்தோம். அந்த மீன் என்னை நிதானமாக ஒரு பார்வை பார்த்து, ஒரு கண்ணை மட்டும் உருட்டிச் சிமிட்டியது. கோயில் தெப்பக்குளத்தில் எத்தனையோ மீன் பார்த்திருக்கிறேன், ஒன்றும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. வயசுப் பெண் இருக்கிற வீட்டில் இது கூடாதுதான் என்று நானே சொல்லிவிட்டேன். அது இல்லையாம் காரணம். "காப்பித் தட்டோட எம் புள்ளை வந்து நிக்கிதா, மாப்பிள்ளை தொட்டியை விட்டுத் திரும்பவே இல்லை. கண்ணடிக்குது கண்ணடிக்குதுன்னு ஒரே சிரிப்பு. ‘பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி’ன்னு அவுக மாமா கேட்டா, ‘மீசையோட நல்லாத்தான் மாமா இருக்கு’ங்காரு!"

வேட்டை நாய்

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற ராஜுக்களில் நாய் வளர்க்காத வீடு இருந்தால் சொல்லுங்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெரியவர் ஒருவர் பேரப் பிள்ளைகளுக்காக மீசை மீன் கொஞ்சம் வாங்கினார். வாங்கும்போதே அவருடைய நாயின் பெருமையை அரைமணி நேரம் சொன்னார். மேற்கே மலையடியில் காட்டுப் பன்றியை மறித்து நின்ற நாய். அதன் அம்மாவும் அப்படியாம். அம்மாவின் அம்மாவும் அப்படியாம்.

பத்து நாள் கழித்து அவர் கடை வாசலில் வந்து நின்றபோது அந்த நாயும் கூட நின்றது. வெள்ளை வெளேர் என்று உடம்பு, ரோஸ் மூக்கு. அந்த மூக்கின் நுனி மட்டும் கோவைப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. தொட்டி கழுவுவதற்காக மீன்களைப் பக்கெட்டில் விட்டிருக்கிறார்கள். நாய் தண்ணீர் குடிக்க மூக்கை நுழைத்திருக்கிறது. மீசை மீனுக்குப் பயம் வந்தால் இரண்டு பக்கமும் செவுளுக்குப் பின்னால் உள்ள முள்ளையும் விறைத்து நிறுத்திக்கொள்ளும். வலையில் அள்ளினாலே வலையோடு மாட்டிக்கொள்ளும், எங்கள் கையில் குத்தினால் சாயந்தரம் வரை கடுக்கும். அது மூக்கில் ஏறியிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கெட்டில் விழுந்து அதுபாட்டுக்கு நீந்துகிறது என்றார். இன்னும் கொஞ்சம் மீன் கட்டச் சொன்னார். பையை வாங்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்து, குரலை இறக்கினார். "ஏமம்மா, பன்னிக்கே பயப்படாத நாய் இது. இப்ப பக்கெட்டுச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருது. இந்த மீனுக்கு எங்க வீட்டுல தனி மரியாதை, ஆனா வெளிய மட்டும் சொல்லிராதீங்க!"

பால் கேன்

தொட்டியில் இன்னும் கூட்டம் குறையவில்லை. ஆனி பாதி போய்விட்டது. கணேசன் வாரம் ஒருமுறை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த கோவிந்தன் அண்ணாச்சி வந்தார். வீட்டுக்கு என்று கொஞ்சம் மீசை மீன் கொண்டுபோனார். இரண்டாம் நாளே மீன் துவளுகிறது என்று வந்து நின்றார். அவர் வீட்டில் போர் தண்ணீர். சோப்பு போட்டால் நுரைக்காது, அண்டாவில் வெள்ளையாக உப்புப் படியும். இங்கே வருவது மலைத் தண்ணீர். மீன் அதற்குப் பழகிவிட்டது. "இங்கிருந்து தண்ணி கொண்டுபோங்க அண்ணாச்சி, தெளிஞ்சிரும்" என்று நான்தான் சொன்னேன். ஒரு குடம் கொண்டுபோவார் என்று நினைத்தேன். மனுஷன் மீன் மேல் அவ்வளவு பிரியம் வைத்துவிட்டார். வாரா வாரம் டவுன் பஸ்ஸில் வருவார், எங்கள் குழாயில் தண்ணீர் பிடிப்பார், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார். எதில் பிடிப்பார்? பால்கோவாக் கடைக்காரரிடம் வேறு என்ன பாத்திரம் இருக்கும்? பால் கேனில்தான்.

இதற்கு மேல் நடந்ததை உங்களால் ஊகிக்க முடியும், என்னால்தான் அன்றைக்கு முடியவில்லை. பால் கேனில் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு அண்ணாச்சி பஸ்ஸை விட்டு இறங்குவதை ஸ்ரீவில்லிபுத்தூரே பார்த்தது. கண்டக்டர் அவரிடம் லக்கேஜ் டிக்கெட் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, பால் அங்க, தண்ணி இங்கயா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாராம். வழக்கமாக வாங்குகிற ஒருவர் கோவாவை நாக்கில் வைத்து, "ராஜபாளையம் தண்ணிதான், சந்தேகமே இல்லை" என்றாராம். இன்னொருவர், ருசி இப்போதுதான் கூடியிருக்கிறது என்று பாராட்டினாராம். அந்தப் பாராட்டைத்தான் அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை.

என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். என்னால்தான் இப்படி ஆனது என்று மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆனால் அவர் யோசனையோடுதான் வந்திருந்தார். பெரிய தொட்டி ஒன்று கடை வாசலிலேயே வைப்பது, தேர் பார்க்க வருகிற கூட்டம் முழுக்க மீனைப் பார்க்கட்டும், தண்ணீர் எதற்கு என்று அதுவே சொல்லும். தேருக்கு முந்தின நாள் வந்து மிச்சம் இருக்கிற மீன் அத்தனையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தனையுமா என்று மூன்று தடவை கேட்டேன். எனக்கு ஆடலாம் போல இருந்தது, அவருக்கோ அழுகை வரும் போல இருந்தது. "பின்ன என்ன செய்ய? பாலுக்குத் தண்ணின்னா சொல்லாமலே நம்புறான், மீனுக்குத் தண்ணின்னா சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டேங்கான் தாயி!"

சாரல்

ஆடி பிறந்ததும் மலையில் இருந்து சாரல் இறங்கியது. குழாயில் தண்ணீர் கைவிரல் விறைக்கிற மாதிரி வந்தது. அண்ணாச்சி வீட்டுக்குப் போகிற மீன் பளிச்சென்று போகட்டும் என்று அந்தத் தண்ணீரை எடுத்துத் தொட்டியில் பாதிக்கு மேல் மாற்றினேன். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. அன்றைக்கு முழுவதும் மீன்கள் ஒரு நிலையில் இல்லை. சின்னவை பெரியவற்றைத் துரத்தின. மூலைக்கு மூலை ஓட்டம். சண்டை என்று நினைத்து, "ஏய், சும்மா கிடங்க, இன்னும் நாலு நாள்தான்" என்று அதட்டினேன். யார் கேட்டது?

மறுநாள் காலையில் தொட்டியைப் பார்த்ததும் கூப்பாடு போட்டேன். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. மீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைப் புள்ளி என்பது அம்மை மாதிரி. ஒரு மீனுக்கு வந்தால் தொட்டியே காலி. அண்ணாச்சி மீன் எடுக்க வருகிற நேரத்திலா இது வர வேண்டும்? பிளேடை எடுத்துப் புள்ளிகளைச் சுரண்டப் போனேன். என் கூப்பாட்டுக்கு வந்த அந்தோணி அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "நோய் வந்தா மீன் மேல வரும் தங்கச்சி. கண்ணாடிக்குமா வரும்?" என்றார். கண்ணாடியில் மூக்கை அழுத்தி உற்றுப் பார்த்தார். அதே நேரத்தில் உருண்டு திரண்ட ஒரு மீன், வயிற்றுக்குக் கீழ் உள்ள இரண்டு துடுப்பையும் கூப்பிய கை மாதிரி சேர்த்துக்கொண்டு மேலே வந்தது. எங்கள் கண் முன்னால் கண்ணாடியில் உடம்பை ஒட்டி அழுத்தி விலகியது. அது விலகின இடத்தில் புதிதாக ஒரு புள்ளி.

அந்தோணி அண்ணன் ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றுவிட்டார். நான் அவர் கையையும் பிளேடையும் சேர்த்துப் பிடித்துக் குதித்தேன். குளிர்ந்த தண்ணீர் வந்ததும் தன் நாட்டு ஆற்றில் மழை வந்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ, தென் அமெரிக்கா மீன் பஞ்சு மார்க்கெட்டில் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது! எங்கள் சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. அப்போதுதான் டிபன் கேரியரோடு என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். ஒரு புள்ளி விடாமல் பார்த்தார். "ஏட்டி, விக்கச் சொன்னா பெத்து வச்சிருக்கியா?"

முட்டை மீனா

சொன்ன சொல் தவறாமல் தேருக்கு முந்தின நாள் அண்ணாச்சி கேன்களோடு வந்தார். பெரிய மீன் ஒன்று விடாமல் அள்ளினோம். நல்லதாகப் போயிற்று, அவற்றில் சில தன் முட்டையைத் தானே தின்னப் பார்த்துக்கொண்டிருந்தன. தொட்டியில் மிச்சம் இருந்தது தண்ணீரும் மணலும் கண்ணாடியில் முட்டையும்தான். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்புட்டும் வித்தாச்சு" என்று அறிவித்தேன்.

கணேசன் அளவு டேப்போடு தயாராக நின்றான். "எங்க மதினி வித்தாச்சு? அந்தா ஒட்டிக்கிட்டு இருக்குல்லா?" என்றான். அது முட்டை என்றேன். முட்டை நாளைக்கு மீன் என்றான். நாளைக்குத்தானே, இன்றைக்கு இல்லையே என்றேன். அந்தோணி அண்ணன், "ஏலே கணேசா, நான் முட்டை பரோட்டா தின்னா, கோழி தின்னேன்னு கடைக்காரன் கணக்குல எழுதுவானா?" என்று என் பக்கம் சேர்ந்தார். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்துவிட்டார்கள். ஒருவர், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ரேஷனில் அரிசி கொடுப்பானா என்று கேட்டார். இன்னொருவர், விதைநெல்லும் நெல்தானே என்று கணேசனுக்குப் பேசினார். நடுவில் நின்ற என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்து சொறிந்து கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "தேரு நிலைக்கு வாரப்போ அது அசையாம இருந்தா முட்டை, அசைஞ்சா மீனு. இதுக்கு மேல என்னை ஒருத்தரும் கேக்கப்பிடாது!"

தேரன்று

ஊரில் பாதி ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் இழுக்கப் போய்விட்டது. என் வாழ்நாளில் ஆடிப்பூரத்துக்குப் போகாத வருஷம் அது ஒன்றுதான். தொட்டி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தேன். எதிரே கணேசன். அவன் முட்டையைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஆண்டாளே, தேரைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்துவிடு, முட்டை அதுவரை சும்மா இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பஸ்ஸில் வந்து இறங்கினவர்களிடம் எல்லாம், தேர் எங்கே வருகிறது என்று கேட்டேன். தெற்கு வீதி திரும்பவில்லை என்றார் ஒருவர். கணேசன் டீ வாங்கிக் கொடுத்தான். பகையாளி டீ என்றாலும் குடித்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டே சும்மா கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். ஒரு முட்டைக்குள் கறுப்பாக இரண்டு கண். முட்டை லேசாகத் துடித்தது. தோல் பிரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நூல் வால் வெளியே வந்து படபடவென்று ஆடியது. அது ஆடின ஆட்டத்தில் எனக்குக் கடையும் மறந்தது, கணேசனும் மறந்தது, தேரும் மறந்தது. "அசையுது! அசையுது! எல்லாரும் வாங்க, அசையுது!" என்று தெருவுக்கே ஓடிப்போய்க் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் என்ன கத்தினேன் என்று உறைத்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கணேசன் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். "அண்ணே, நான் வாயே தொறக்கலை. மதினியேதான் சொல்லிட்டாவ."

கண்ணாடி அறை

அழுதேன். குஞ்சுக்குத் தீனி போட்டுக்கொண்டே அழுதேன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை எங்கள் ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணியில் முடிந்து தண்ணீரில் பிழிந்தால் புகை மாதிரி இறங்கும், அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. மற்ற தொட்டிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. இந்தத் தொட்டியைத் தூக்க ஆள் கூட்டி வந்தான் கணேசன். அந்தோணி அண்ணன் குறுக்கே நின்றார். தண்ணீரோடு தூக்கினால் ஒட்டு பிரிந்து தொட்டி பிளந்துவிடும், தண்ணீரை இறைத்தால் குஞ்சு அதோடு போய்விடும், அவை வளரும் வரை யாரும் தொடக்கூடாது என்றார். பூத்துக்குக் கண்ணாடி அறை கட்டப்போகிறவரும் அவர்தான் என்பதால் கணேசனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. கடைசியில் மூன்று பக்கம் கண்ணாடியும் நாலாம் பக்கம் என் தொட்டியுமாக அந்த அறை எழுந்தது. குஞ்சு வளர்ந்ததும் தொட்டி போய்விட வேண்டும் என்பது பேச்சு.

பூத்து திறந்த முதல் வாரம் கணேசன் முகம் தொங்கிப்போய் இருந்தது. வருகிறவர்கள் போனைக் காதில் வைத்ததும் மீட்டரில் சிவப்பு எண் ஓடுவதைத்தான் பார்த்தார்கள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சிரட்டா என்று முடித்துக்கொண்டு ஓடினார்கள். குஞ்சுகளுக்கு மீசை முளைத்து, கூட்டமாக மணலைத் துழாவத் தொடங்கிய பிறகு அது மாறியது. உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. வாசலில் வரிசை நின்றது. கணேசனுக்குக் காரணம் புரியவில்லை. எனக்கும்தான். ஒருநாள் ஆலங்குளத்தில் இருந்து ஓர் ஆச்சி வந்தார். மகன் பம்பாயில். அதற்கு முன் இரண்டு தடவை வந்து, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு உடனே வைத்துவிட்டுப் போனவர்.

அன்றைக்கு ஆச்சி மீட்டருக்கு முதுகைக் காட்டி நின்றார். "ஏலே, அந்தா ஒண்ணு மூலைக்குப் போகுது. பின்னாலயே ஒரு கூட்டம். இது யாரு, ஒத்தைக் கட்டை மாதிரி தனியா? ஆங், இதுவும் போயிருச்சு. உங்க அய்யா வயல்ல வரப்பைத் தடவிக்கிட்டே போவாருல்லா, அதே நடை" என்று கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். சிரித்தார். அந்தப் பக்கத்தில் மகனும் சிரிப்பது கணேசனுக்கே கேட்டது. பிறகு மழை, மாடு, அத்தை மகள் கல்யாணம், பம்பாய் அறையில் கரண்ட் நிற்பது என்று பேச்சு எங்கெங்கோ போனது. வெளியே வந்து சுருக்குப் பையைத் திறந்தவர், ரசீதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. குஞ்சு வளர்ந்ததும் தொட்டி போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணேசன் சட்டையைப் பிடிக்காத குறைதான். "இந்தா, இதை எடுக்கப் போறியாமே? எடுத்துட்டா நான் எம் மவன்கிட்ட எதைப் பாத்துப் பேச? ரெண்டு வருசமா அவனும் நானும் சாப்பிட்டியாவுக்கு மேல பேசினதே இல்லையேப்பா!"

தொட்டியும், மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அதன் பக்கத்தில் பாதிக் கடையும் அன்றைக்கே எனக்குத் திரும்பி வந்தன, கொடுத்தது என் கொழுந்தன் என்பதால் என்றைக்குத் திரும்பக் கேட்பானோ என்ற கவலையும் கூடவே வந்துவிட்டது.